பகலுக்கு ஒரு கணக்கு, இரவுக்கு ஒரு கணக்கு

கேள்வி: எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்துக்குப் பக்கம். சுற்றிலும் ரப்பர். செப்டம்பர் கடைசியில் இன்குபேட்டரில் பொரித்த ஒரு நாள் நாட்டுக்கோழிக் குஞ்சுகள் முப்பது வாங்கினோம். மூன்று முதல் வாரத்திலேயே செத்துப்போயின, 27 இருக்கின்றன. அதில் நாலைந்து கழுத்தறுத்தான் (கழுத்தில் இறகில்லாத வகை). ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து விட்டோம், அதன் பிறகு ஒன்றும் போடவில்லை. பின்பக்கச் சாய்ப்பில் தகரத்தை வட்டமாக வளைத்து, உமி பரப்பி, அதற்குள் வைத்திருக்கிறேன். நான்கு வாரம் முடியப்போகிறது. வாடை தாங்கவில்லை. வீட்டுக்காரர் பலா மூட்டில் கால் நட்டு, நாலு பக்கமும் கம்பி வலை அடித்து, மேலே ஷீட் போட்டுக் கூடு செய்து தந்திருக்கிறார். “அடுத்த வீட்டுக் கோழி மூன்றாம் நாளே குஞ்சோடு விளையில் திரிகிறது, நீ இன்னும் வீட்டுக்குள் வைத்துக் கொஞ்சுகிறாய்” என்கிறார் மாமி. எனக்கோ இந்த மழையை நினைத்தால் பயம். போன வாரம் குண்டு பல்பு ஃபியூஸ் போய்விட்டது. 9 வாட் எல்இடி மாட்டியிருக்கிறோம். ராத்திரியில் எல்லாம் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. எத்தனையாவது நாள் வெளியே மாற்றலாம்? பெரிய கோழிகள் ஆறு இருக்கின்றன, அவற்றோடு எப்போது விடலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் ஒரு தேதி கேட்கிறீர்கள். நான் இரண்டு தேதி சொல்ல வேண்டியிருக்கிறது. பகலில் வெளியே இறக்குவது ஒன்று, இரவில் வெளியே படுக்க விடுவது வேறொன்று. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் நம் பக்கத்தில் நிறையப் பேர் குஞ்சுகளைப் பறிகொடுக்கிறார்கள். காலையில் வெயிலில் துள்ளி ஓடுவதைப் பார்த்து, “சரி, தேறிவிட்டது” என்று அன்றைக்கே கூட்டில் அடைத்துவிடுகிறார்கள். மறுநாள் விடிந்து பார்த்தால் மூலையில் நாலு விறைத்துக் கிடக்கும்.

உங்கள் குஞ்சுகள் பகலில் வெளியே வரலாம். வானம் வெளுத்திருக்கும் எந்தக் காலையிலும், நாளைக்கே கூட. இரவுக்கு இன்னும் இரண்டு வாரமாவது பொறுங்கள், அதாவது ஆறு வாரம் முடியட்டும். அப்போதும் நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாமல் குஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். எப்படிப் பார்ப்பது என்று கீழே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மாமியார் சொன்னது. அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார், அதில் தப்பே இல்லை. அடைக்கோழி பொரித்த குஞ்சு மூன்றாம் நாளே மண்ணில் இறங்குவது உண்மைதான். ஆனால் அந்தக் குஞ்சுகளுக்குப் போகுமிடமெல்லாம் கூடவே வருகிற சூடு ஒன்று இருக்கிறது. கோழியின் உடம்புச் சூடு ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். குஞ்சு பத்து நிமிடம் மேய்கிறது, குளிர்ந்தால் தாயின் வயிற்றுக்கடியில் நுழைகிறது, சூடேறியதும் மறுபடி வருகிறது. தூறல் விழுந்தால் தாய் இறக்கையை விரித்து உட்கார்ந்துவிடும். பிராந்து (பருந்து) வட்டமிட்டால் அதற்கென்று ஒரு குரல் கொடுக்கும். குஞ்சுகள் சொல்லி வைத்தாற்போல் புதருக்குள் ஓடிவிடும். உங்களிடம் இருக்கும் 27க்கும் இதில் எதுவும் கிடையாது. பல்புதான் அவற்றுக்குத் தாய். இன்னொன்றையும் மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள்: அடுத்த வீட்டுக் கோழி எத்தனை குஞ்சோடு இறங்கியது, இரண்டு மாதம் கழித்து எத்தனை மிஞ்சியது என்று. அவர் இத்தனை வருடம் கோழி வளர்த்தவர், கணக்கு அவருக்கு நன்றாகத் தெரியும்.

இனி குஞ்சின் உடம்பு. பொரித்து வரும்போது அதன் மேல் இருப்பது வெறும் தூவி. பார்க்கப் பஞ்சுபோல் இருந்தாலும் சூட்டைப் பிடித்து வைக்கிற சக்தி அதற்குக் குறைவு. முதல் இரண்டு மூன்று வாரம் குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே சமன் செய்துகொள்ளத் தெரியாது. அதனால்தான் முதல் வாரம் 33 முதல் 35 டிகிரி, பிறகு வாரம் ஒன்றுக்கு மூன்று டிகிரி என்று குறைத்துக்கொண்டே வரச் சொல்கிறோம். இந்தக் கணக்கில் பார்த்தால் நான்கு வாரம் முடியும்போது குஞ்சுக்கு 24, 25 டிகிரி போதும். ஐப்பசியில் நம் மாவட்டத்தில் இரவுச் சூடு ஏறக்குறைய அதே அளவுதான். “அப்படியானால் இப்போதே வெளியே விடலாமே” என்று தோன்றும்.

இங்கேதான் கவனம் வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் குஞ்சைக் கொல்வது குளிர் இல்லை. ஈரமும் காற்றும் சேர்ந்தால்தான் ஆபத்து. ஊட்டியில் வளர்ப்பவருக்கு வெப்பமானியின் முள்ளைப் பார்த்தால் போதும். நமக்கு வானத்தையும் தரையையும் பார்க்க வேண்டும். நனைந்த தூவி தோலோடு ஒட்டிக்கொள்ளும், உள்ளே காற்று நிற்காது. நனைந்த குஞ்சின் மேல் காற்று பட்டால், வெளியே 25 டிகிரி இருந்தாலும் அதன் உடம்பிலிருந்து சூடு மளமளவென்று இறங்கிவிடும். குளிர்ந்த குஞ்சு தீவனம் எடுக்காது, நகராது, ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அடியில் மாட்டியது மூச்சு முட்டிச் சாகும். காலையில் பார்ப்பவர்கள் “ஏதோ நோய் வந்துவிட்டது” என்று மருந்து தேடி ஓடுகிறார்கள்.

உங்கள் ஊர்ப் பக்கம் இது இன்னும் கூடுதல். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கிற மாவட்டம் நம்முடையது. அதிலும் குலசேகரம், பேச்சிப்பாறை, கடையால் என்று மலையடிவாரத்துக்குப் போகப் போக மழை கூடும். ரப்பர்த் தோட்டத்தில் மழை விட்டு ஒரு மணி நேரமானாலும் இலை சொட்டிக்கொண்டே இருக்கும். அடியில் வெயில் விழாது, தரை காயாது.

சரி, குஞ்சை எப்படிப் பார்ப்பது? பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒரு குஞ்சை எடுத்து மடியில் மல்லாத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். முதுகையும் இறக்கையையும் பார்த்து ஏமாறக் கூடாது. அவைதான் முதலில் முளைக்கும். ஒரு வாரத்திலேயே இறக்கை நுனியில் இறகு தெரியும். நான்கு வாரத்தில் மேலிருந்து பார்த்தால் முழுக் கோழி மாதிரியே இருக்கும். கடைசியில் மூடுவது நெஞ்சு, வயிறு, இறக்கைக்கு அடிப்பக்கம், கழுத்து. நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் வாயால் மெதுவாக ஊதுங்கள். இளஞ்சிவப்பாகத் தோல் தெரிந்தால், அல்லது தூவி மட்டும் பிரிந்து பறந்தால், அது இரவுக்குத் தயாராகவில்லை. வெள்ளையாகக் குச்சி குச்சியாக இறகுக் குருத்து தெரிந்தால் இன்னும் பத்து நாளில் மூடிவிடும். ஊதும்போது இறகு ஓடு அடுக்கினாற்போல் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, தோல் தெரியாமல் இருந்தால் அந்தக் குஞ்சு தேறிவிட்டது. இறக்கையைத் தூக்கி அடிப்பக்கத்தையும் அதேபோல் பாருங்கள். பெரும்பாலான நாட்டுக்கோழிக் குஞ்சுகளில் இது ஐந்து வாரத்துக்கும் ஏழு வாரத்துக்கும் நடுவில் நடக்கும். சண்டைக்கோழி ரத்தம் கலந்திருந்தால் கொஞ்சம் தாமதமாகும். சேவல் குஞ்சுகளுக்குப் பெட்டையைவிட மெதுவாகத்தான் இறகு மூடும், அதைப் பார்த்து நோஞ்சான் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கழுத்தறுத்தான் குஞ்சுகளுக்கு மட்டும் கழுத்தில் இறகு வரும் என்று காத்திருக்க வேண்டாம். அது பிறவியிலேயே அப்படித்தான், எத்தனை மாதமானாலும் கழுத்து வெறுமையாகவே இருக்கும். உடம்பிலும் இறகு மற்றதைவிடக் குறைவு. அதனால்தான் வெயில் காலத்தில் அவை சுகமாக இருக்கும், மழைக்காலத்தில் முதலில் நடுங்கும். அந்த நாலைந்தையும் மற்றவற்றைவிட ஒரு வாரம் பிந்தி மாற்றுங்கள்.

இப்போது அந்த எல்இடி விஷயம். எல்இடி பல்பில் வெளிச்சம்தான் வரும், குஞ்சுக்கு உதவுகிற சூடு வராது. ஒரு வாரமாக உங்கள் குஞ்சுகள் சூடு இல்லாமலே இரவைக் கழித்திருக்கின்றன. ஒன்றும் சாகவில்லை என்பது நல்ல செய்தி. சாய்ப்புக்குள் காற்றும் மழையும் படாததால் தப்பித்திருக்கின்றன. ஆனால் மூலையில் ஒட்டிக் கிடக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்களே, அது எப்படி என்று தெரிய வேண்டும். குஞ்சுகள் எப்போதும் சேர்ந்துதான் படுக்கும், அது அவற்றின் சுபாவம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கழுத்தைத் தளர்த்தி, ஒன்றிரண்டு தனியாகக் காலை நீட்டிக் கிடந்தால் கவலை இல்லை. ஒன்றை ஒன்று நெருக்கி, நடுவில் புகப் பார்த்து, முதுகில் ஏறி, கீச்சுக் கீச்சென்று விடாமல் கத்தினால் குளிர்கிறது என்று அர்த்தம். இன்றைக்கு இரவு பத்து மணிக்கு ஒருமுறை, அதிகாலை நாலு மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். நாலு மணிதான் முக்கியம், இரவில் அதிகமாகக் குளிர்வது விடியலை ஒட்டித்தான்.

குளிர்கிறது என்று தெரிந்தால் ஒரு 60 வாட் குண்டு பல்பை வாங்கி, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், ஒரு ஓரமாகத் தொங்கவிடுங்கள். ஓரமாக என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சூடு வேண்டியது கிட்டே வரும், வேண்டாதது தள்ளிப்போகும். மாலை ஆறு மணிக்குப் போட்டு காலை ஏழு மணிக்கு அணைத்தால் போதும். பகலில் வேண்டவே வேண்டாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை அரை அடி உயர்த்திக்கொண்டே வந்தால் ஐந்தாவது வாரக் கடைசியில் அதையும் கழற்றிவிடலாம். கரண்ட் போகிற இரவுகளில் மண்சட்டியில் கரி நெருப்பு வைக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. சாய்ப்பை அடைத்துவிட்டு அதைச் செய்யாதீர்கள். கரியிலிருந்து வரும் நச்சுவாயு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. சாய்ப்பு வீட்டோடு ஒட்டியது என்பதால் உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதற்குப் பதில் சாக்கை இரண்டாக மடித்துத் தகர வளையத்தின் மேல் பாதிக்கு மூடினால் அவற்றின் மூச்சுச் சூடே அன்றைய இரவுக்குப் போதும்.

சூட்டோடு இருட்டையும் பழக்க வேண்டும். பிறந்தது முதல் இரவும் பகலும் வெளிச்சத்திலேயே வளர்ந்த குஞ்சு, திடீரென்று கும்மிருட்டானால் அலறி அடித்து ஒரு மூலையில் குவியும். சூடு போதுமான அளவு இருந்தும், வெறும் பயத்தால் நசுங்கிச் சாகிற குஞ்சுகள் உண்டு. ஐந்தாவது வாரத்தில் பல்பின் தேவை குறையும்போது, ஜீரோ வாட் விளக்குக்கு மாற்றுங்கள். நாலைந்து நாள் கழித்து அதையும் அணையுங்கள். விளக்கில்லாமல், சூடில்லாமல், சாய்ப்பின் கதவைத் திறந்துவைத்து ஐந்தாறு இரவு நிம்மதியாகத் தூங்கினால், அதன் பிறகு கூட்டுக்குப் போவது அவற்றுக்குப் பெரிய மாற்றமாகத் தெரியாது.

வாடையை மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். நிற்கும்போது உங்கள் மூக்கில் படுவதைவிடக் குஞ்சின் மட்டத்தில் அது பல மடங்கு. குந்தி உட்கார்ந்து, முகத்தை உமிக்கு ஒரு முழ உயரத்தில் வைத்து மூச்சை இழுங்கள். கண் எரிந்தால் அந்த வாடையிலுள்ள அமோனியா வாயு குஞ்சுகளின் கண்ணையும் மூச்சுக்குழலையும் புண்ணாக்கிக்கொண்டிருக்கிறது. பிறகு வரும் சளிக்கெல்லாம் அதுதான் வாசல். ஈர உமியை முழுக்க வாரித் தென்னை மூட்டில் போட்டுவிட்டுப் புது உமி மூன்று அங்குலம் பரப்புங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். ஈரம் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். தினமும் காலையில் கிளறிவிட்டால் உமி உதிரியாக இருக்கும். 27 குஞ்சுக்கு இடமும் பெரிதாக வேண்டும், தகர வட்டத்தை இன்றைக்கே அகலமாக்குங்கள். இவ்வளவு செய்தால் இரண்டு வாரம் மாமியாரும் பொறுத்துக்கொள்வார்.

பகலில் வெளியே விடுவதைப் பற்றி. ஐப்பசியில் நம் பக்கம் காலையில் பளிச்சென்று வெயில் அடித்து, மத்தியானத்துக்கு மேல் வானம் கறுத்து, இடியோடு மழை இறங்குவதுதான் வழக்கம். அதனால் பனி காய்ந்த பிறகு, ஒன்பது ஒன்பதரை மணிக்கு இறக்கி, ஒரு மணிக்கு உள்ளே எடுத்துவிடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் ஒரு மணி நேரம் போதும். பஞ்சாரத்தை (கோழியை மூடி வைக்கும் பெரிய கூடை) கவிழ்த்து அதற்குள் விடலாம்; 27ஐயும் ஒரே பஞ்சாரத்தில் அடைக்காதீர்கள். பாதி நிழல், பாதி வெயில் விழும்படி வையுங்கள். ரப்பர் நிழலில் வேண்டாம், முற்றத்தில் வெயில் படும் மேட்டில் வையுங்கள். தினமும் ஓரடி தள்ளிக் கவிழ்த்தால் ஒரே மண்ணில் எச்சம் சேராது. பெரிய கோழிகள் கிளறுகிற இடமும் கூடாது.

பஞ்சாரம் இல்லாமல் திறந்து விடுவதாக இருந்தால் மேலே வலை கட்டாமல் விடாதீர்கள். நான்கு வாரக் குஞ்சு பிராந்துக்கும் காகத்துக்கும் ஒரே பாய்ச்சலில் கிடைக்கிற இரை. குளச்சல், முட்டம் பக்கம் போகிறவர்கள் யாரிடமாவது சொன்னால் பழைய மீன் வலை வாங்கி வருவார்கள். ஆள் உயரத்தில் தொய்யாமல் இழுத்துக் கட்டினால் பல வருடம் உழைக்கும்.

ரப்பர்த் தோட்டத்தில் இருப்பவர் என்பதால் உங்களுக்கு மட்டும் தனியாக மூன்று விஷயம். ரப்பர்ப் பால் உறைய வைக்க ஆசிட் கலக்குகிற தட்டுகளும், அதைக் கழுவிய தண்ணீரும் குஞ்சு போகிற இடத்தில் இருக்கக் கூடாது. தாகமெடுத்த குஞ்சு எந்தத் தண்ணீரிலும் வாய் வைக்கும். இரண்டாவது, பால் வடிக்கிற சிரட்டைகள். மழைக்காலத்தில் வெட்டு நிறுத்தியதும் அவற்றில் தண்ணீர் தேங்கிக் கொசு பெருகுகிறது. கோழி அம்மையைக் குஞ்சுக்குக் குஞ்சு பரப்புவது அந்தக் கொசுக்கள்தான். கூட்டைச் சுற்றியுள்ள மரங்களிலாவது சிரட்டையைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். மூன்றாவது மரச்சீனி (மரவள்ளி). கிழங்கு சீவிய பச்சைத் தோலையும் இலையையும் குஞ்சுக்குப் போடாதீர்கள். அதில் சயனைடு விஷம் உண்டாகும். பெரிய கோழிக்குப் போடுவதாக இருந்தாலும் வேகவைத்தோ நன்றாக வெயிலில் காயவைத்தோதான்.

இனி வீட்டுக்காரர் செய்த கூடு. தரையிலிருந்து உயர்த்தியது நல்ல வேலை. நாலு பக்கமும் வலை மட்டும்தான் என்றால் மழைக்காலத்துக்கு அது போதாது. சாரல் எந்தப் பக்கத்திலிருந்து அடித்தாலும் உள்ளே வரும். அடியிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குச் சுற்றிலும் பலகையோ தகரமோ அடித்து மூடச் சொல்லுங்கள். குஞ்சு படுக்கும் மட்டத்தில் காற்று நேராக வீசக் கூடாது. அதற்கு மேலே காற்று ஓட வேண்டும். மழைக்குப் பயந்து தார்ப்பாயால் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். அப்படிக் கட்டினால் சாய்ப்பில் இருந்த அதே வாடையைக் கூட்டுக்குள்ளும் கொண்டுவந்த மாதிரிதான். தார்ப்பாயைச் சுருட்டி இறக்குகிற மாதிரிச் சாரல் அடிக்கிற பக்கத்தில் மட்டும் கட்டுங்கள். மேல் ஷீட் சுவரைத் தாண்டி இரண்டரை, மூன்று அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். தரையும் வலைதான் என்றால், முதல் மூன்று வாரத்துக்கு மேலே சாக்கு விரித்து உமி போடுங்கள். இல்லாவிட்டால் அடியிலிருந்து ஏறும் ஈரக்காற்று நேரே வயிற்றில் படும், அந்த இடத்தில்தானே இறகு கடைசியாக மூடுகிறது.

வலையின் கண் அளவையும் பாருங்கள். இரண்டு அங்குலக் கண்ணுள்ள கோழி வலை, கோழி வெளியே போகாமல் தடுக்கும். பாம்பும் எலியும் உள்ளே வருவதைத் தடுக்காது. கீரி அதன் வழியாகக் கையை விட்டே இழுத்துவிடும். கீழ்ப்பாதிக்கு அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் வேண்டும். பலா மூட்டில் கூடு என்றால் மரநாய் கிளை வழியே கூரைக்கு இறங்கும், பலா பழுக்கிற காலத்தில் அதற்கு அந்த மரத்தில் வேலையும் உண்டு. ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியையும் அதே மெஷ்ஷால் மூடிவிடுங்கள். கதவுக்குக் கயிறு போதாது, கொண்டி வேண்டும். ஒரு குஞ்சுக்கு ஒரு சதுர அடியாவது கணக்குப் போட்டுப் பாருங்கள். கூடு சிறியது என்றால் இப்போதே சொல்லிப் பெரிதாக்குவது நல்லது.

தடுப்பு மருந்தில் நீங்கள் பின்தங்கியிருக்கிறீர்கள், இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஏழாம் நாள் விட்ட சொட்டு வெள்ளைக் கழிச்சலுக்கு (ராணிக்கெட் நோய்) முதல் பாதுகாப்புதான், அதன் பலம் இப்போது இறங்கிக்கொண்டிருக்கும். இந்த வாரமே அதே நோய்க்கான லசோட்டா சொட்டு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விட வேண்டும். மருந்தைப் பனிக்கட்டி போட்ட பிளாஸ்கில் வாங்கி வாருங்கள், கரைத்த இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாக் குஞ்சுக்கும் விட்டு முடியுங்கள். கையில் பிடித்துக்கொண்டு வந்த மருந்து மருந்தே இல்லை. இரண்டாவது வாரத்தில் போட வேண்டிய கம்போரோ (குஞ்சுகளின் எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கும் நோய்) தடுப்பு மருந்து விட்டுப்போயிருக்கிறது. உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் அதையும் சொல்லி, இரண்டுக்கும் எத்தனை நாள் இடைவெளி என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு ஏழு வாரத்தில் அம்மைத் தடுப்பூசி. ஏழாவது வாரம் குடற்புழு மருந்து கொடுத்து, எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி. இந்தக் கடைசி ஊசி வீரியமானது, எட்டு வாரத்துக்கு முன்னால் போடச் சொல்லி யாரும் அவசரப்படுத்தினால் கேட்காதீர்கள். மாசி மாதத்தை ஒட்டி, பிப்ரவரியில், கால்நடைப் பராமரிப்புத் துறை நடத்தும் இலவசக் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாமில் பெரிய கோழிகளுக்கும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம். ஊசி போடுகிற நாளும் கூடு மாற்றுகிற நாளும் ஒன்றாக இருக்க வேண்டாம், நடுவில் நாலு நாளாவது விடுங்கள்.

மண்ணில் இறங்கிய பத்து நாளுக்குள் இரத்தக் கழிச்சல் வரலாம். அதை உண்டாக்கும் கிருமியின் முட்டைகள் ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள மண்ணில் ஒன்றிரண்டு நாளிலேயே வீரியமாகிவிடும், நம் ஐப்பசி மண் அதற்கென்றே செய்தது போல் இருக்கும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, இறக்கையைத் தொங்கப்போட்டு, கண்ணை மூடி ஒரு குஞ்சு நின்றால் முதலில் அதன் எச்சத்தைப் பாருங்கள். சிவப்போ காபிப்பொடி நிறமோ தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். ஆம்ப்ரோலியம் மருந்தைத் தண்ணீரில் கலந்து எல்லாக் குஞ்சுக்கும் கொடுக்கச் சொல்வார். ஒரு நாள் பார்க்கலாம் என்று விட்டால் பாதி போய்விடும்.

ஆறு வாரம் முடிந்து, நெஞ்சு மூடி, விளக்கில்லாமல் ஐந்தாறு இரவு தூங்கிப் பழகிவிட்டால், அதன் பிறகு மழை விட்டு இரண்டு நாள் தொடர்ந்து வெயில் அடிக்கிற சமயத்துக்குக் காத்திருங்கள். அப்போது கார்த்திகை பிறந்திருக்கும். அடைமழை பிடித்துக்கொண்டால் இன்னும் ஒரு வாரம் பொறுப்பதில் நட்டம் ஒன்றுமில்லை. புயல் எச்சரிக்கை வந்திருக்கிற வாரத்தில் மாற்றவே மாற்றாதீர்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது எத்தனை ரப்பர் மரம் சாய்ந்தது என்று உங்கள் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

மாற்றுவதைக் காலையில் செய்யுங்கள். மாலையில் மாற்றினால் இடம் புரியாத இருட்டில் குவியும். சாய்ப்பில் இருந்த பழைய காய்ந்த உமியில் ஒரு கூடை எடுத்துப் புது உமியோடு கலந்து கூட்டில் பரப்புங்கள். தெரிந்த வாசனை இருந்தால் சீக்கிரம் அடங்கும். தீவனமும் தண்ணீர்ப் பாத்திரமும் பழையதே இருக்கட்டும். அந்த வாரத்தில் தீவனத்தை மாற்றாதீர்கள், எட்டு வாரம் வரை குஞ்சுத் தீவனம்தான். முதல் ஐந்தாறு நாள் வெளியே விடாமல் கூட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் அதுதான் வீடு என்று பதிந்துவிடும்; பிறகு திறந்துவிட்டால் பொழுது சாயும்போது தானாக வந்து ஏறும். முதல் இரவு பத்து மணிக்கு டார்ச்சோடு போய்ப் பாருங்கள். மூலையில் ஏறிக் கிடந்தால் கையால் பிரித்துப் பரப்பிவிட்டு, ஒரு குண்டு பல்பைக் கூட்டுக்குள்ளேயே இன்னும் நாலைந்து நாள் தொங்கவிடுங்கள். ஒயரை மழை படாமல் இழுத்துக் கட்டுவதை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளட்டும். 27இல் இரண்டு மூன்று பாதி உருவத்திலேயே நிற்கும். அவற்றைக் கழுத்தறுத்தான் குஞ்சுகளோடு சாய்ப்பிலேயே விட்டுவைத்து அடுத்த வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் மழை குறைவு, காற்று அதிகம்; ஆனி ஆடியில் அங்கே கூட்டின் மேற்குப் பக்கத்தை முழுச் சுவராகவே எழுப்பிவிடலாம். கடற்கரை ஊர்களில் மணல் தண்ணீரை உடனே குடித்துவிடும் என்பதால் ஐந்து வாரத்திலேயே இரவுக்கு விடலாம். அங்கே பார்க்க வேண்டியது மத்தியானச் சூடும் நிழலும். மலையடிவாரத்துக்காரர்கள் அடுத்த முறை குஞ்சு வாங்கும்போது டிசம்பர் கடைசியில் வாங்குங்கள். குஞ்சு மண்ணில் இறங்குகிற நேரத்தில் ரப்பர் இலை உதிர்ந்து தோட்டத்துக்குள் வெயில் விழும், தரை காய்ந்திருக்கும், கறையானும் நன்றாகக் கிடைக்கும்.

கடைசியாக, பெரிய கோழிகளோடு சேர்ப்பது. அதற்கு இன்னும் நாளிருக்கிறது. எட்டாவது வாரத் தடுப்பூசி போட்டு, அதன் பிறகு இரண்டு வாரம் கழியட்டும்; பத்துப் பன்னிரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கோழிகள் நோய் தாங்கிப் பழகியவை, வெளியே ஒன்றும் காட்டாமல் சளியையும் இரத்தக் கழிச்சலையும் உள்ளே வைத்திருக்கும். கொத்துவதும் மண்டையைப் பார்த்துத்தான் கொத்தும். முதல் வாரம் நடுவில் வலை போட்டு ஒன்றை ஒன்று பார்க்கும்படி மட்டும் விடுங்கள். வலையை எடுக்கிற அன்றைக்குத் தீவனத்தை மூன்று இடத்தில் தள்ளித் தள்ளி வைத்து, குஞ்சு மட்டும் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்ட ஒரு பழைய பெட்டியையோ கூடையையோ ஓரமாகக் கவிழ்த்து வையுங்கள். அதற்குள்ளும் ஒரு பாத்திரம் தண்ணீர் இருக்கட்டும்.